மெருகேற்றிய தகடு

ஐயா, நான் மூக்குக்கண்ணாடியை ஒரு நாளைக்கு நான்கு முறை துடைப்பவன். தூசி எனக்கு ஆகாது.

எங்கள் ஆய்வுக்கூடத்து வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை ஒரு தகட்டின் மேல் விழவைத்து, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று கோணம் கோணமாக அளப்போம். "விளக்கடிச்சுப் பாக்கறதுக்கெல்லாம் சம்பளமா?" என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் கணவனுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அவன் சொன்னான்: "மச்சான், ஒளி வடிகட்டியை மாட்டுனப்பவே ரெண்டு டிகிரி தள்ளி மாட்டிட்டீங்க போல. எட்டு வருஷ அளவும் தப்பா இருக்குமே. நாம ரெண்டு பேருமா உக்காந்து திருத்திடலாம்."

தன்மையாகத்தான் சொன்னான். அந்தத் தன்மைதான் உறுத்தியது. பிறகு கவனித்தேன். நான் உள்ளே போனால் போனை வைத்துவிடுவான். என் பழைய நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போனான். தங்கையிடம் விசாரித்தேன். "அண்ணா, அவரு உன்னப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல" என்றாள். ஒரு வார்த்தைகூடப் பேசாதவன் மனதில் எவ்வளவு வைத்திருப்பான்? இயக்குநர் காதுக்குப் போனால் எட்டு வருடப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். பயந்துவிட்டேன்.

அந்த ஒளியைத் தரும் எங்கள் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. மேசை மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஓடுகிறது. அணைந்திருந்தால் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றலாம். அவன் கழற்றிவிட்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு, தகடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். ஐந்து நாள் அவன் குனியும் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை விளக்கின் ஒயரைக் கழற்றினேன். சொரசொரப்பான தகடு ஒளியைச் சிதறடித்துவிடும். மெருகேற்றியது மொத்தத்தையும் ஒரே பக்கம் அனுப்பும். மெருகேற்றியதை அந்த உயரத்துக்குச் சாய்த்து வைத்தேன். லேசரைப் போட்டேன். "மாப்பிள்ளை, நேரா இருக்கா பாருங்க" என்றேன்.

வலக்கண் போய்விட்டது. மற்றதை நான் தொடவில்லை, தங்கை பாவம்.

மருத்துவமனையில் கட்டோடு படுத்திருந்தவன் என் குரலைக் கேட்டதும், "மச்சான், உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். தன் கவனக்குறைவுதான் என்று இயக்குநருக்கு எழுதிக்கொடுத்துவிட்டானாம்.

எதற்காக அப்படிக் கேட்கிறான்? எதற்காக எழுதிக்கொடுக்கிறான்? எல்லாம் தெரிந்துகொண்டு நாடகம் ஆடுகிறான், ஐயா. அவன் என்னைக் காட்டிக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.