தாத்தாவுக்குப் போட்ட இடம்

சயாமில் போர்வீரர்களின் கல்லறைகளுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு ஜொகூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பயணத்தின் கடைசி நாள். பேருந்து யோங் பெங்கைத் தாண்டியபோது, பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்து, எனக்கு முன்னால் இருந்த தன் அக்காவின் பக்கத்தில் உட்காரப் போனார்.

“அங்க உட்காராத தம்பி. தாத்தா வராரு.”

காலி இருக்கையில் புதுத் துண்டு விரித்திருந்தது.

“எந்தத் தாத்தா?”

“நம்ம பட்டாளத்துத் தாத்தாதான். கல்லறையில நின்னு, ‘வாங்க தாத்தா, வீட்டுக்குப் போலாம்’னு பேரன் நீ கூப்பிட்டியே. அப்பப் புடிச்சு எடம் போட்டு வச்சிருக்கேன்.”

அவர் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கூப்பிடலக்கா.”

“என்னடா சொல்ற?”

“எல்லாரும் மௌனமா நின்னாங்க. சத்தம் போட வெக்கமா இருந்துச்சு. அப்புறமா கூப்பிடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கைட் பஸ்ல ஏறச் சொல்லிட்டாரு லா.”

“கூப்பிட்டியான்னு நான் கேட்டப்ப தலையாட்டுனியே?”

“ஆட்டுனேன்.”

அக்கா வெகுநேரம் சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாம வந்தத தாத்தா பாத்திருப்பாருல்ல?”

அக்கா துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உட்காரு.”

ஜொகூர் பாரு வரை அவர் நின்றுகொண்டே வந்தார்.