மண்ணெண்ணெய்த் துணி

உச்சிவெயில் பன்னிரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. மண்ணூர்பேட்டை எஸ்டேட் ரோடு… ஒரு காக்கா இல்லை. கம்பெனிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. டீக்கடைக்காரன்கூட ஊருக்குப் போய்விட்டான். தார் இளகுகிற வாசனை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

அசோக், சிரிக்காதே. பேய் ராத்திரி ஷிஃப்ட்டுக்குத்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது? கரண்ட் போய்விட்டது, மொட்டை மாடியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம், அதனால் இதை ராத்திரியில் பேசுகிறோம். நடந்தது பட்டப்பகலில். இதோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே தேவா, இவனுடைய அத்தை மகன் பிராங்குக்குத்தான் நடந்தது. நான் சொல்வது பொய் என்றால் இவன் சொல்லட்டும்… சொல்ல மாட்டான். 

பிராங்கை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறான். கடை என்று சொன்னால் துரைக்குக் கோபம் வரும், ஸ்டூடியோ என்று சொல்ல வேண்டும். ஒரு தகர ஷெட்டு, நாலு ட்யூப்லைட்டு, ஒரு தண்ணி டிரம்மு. அதுதான் ஸ்டூடியோ. கறுப்பு கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அழுக்கு வண்டி கொண்டு வருகிறவனை ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

"வண்டிய வெச்சிக்கத் தெரியாதவன்லாம் இன்னாத்துக்குபா வண்டி வாங்கறான்" என்பான். அந்த ஆள் பாவம், காசையும் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பானெட்டுக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு டேப் ஒட்டுவான். ஒரு பாதியை மட்டும் மெஷின் போட்டுக் கண்ணாடியாக்குவான். மறுபாதி அப்படியே அழுக்காகக் கிடக்கும். அதை வெயிலில் நிறுத்தி வீடியோ எடுத்து, இந்த வண்டி எந்த லட்சணத்தில் வந்தது பாருங்கள் என்று ஊருக்கே காட்டுவான். அப்படி ஒருத்தனை நாறடித்தால்தான் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும்.

திமிரில் இவனையும் மிஞ்சின ஒரு ஆள் இருந்தார். கள்ளிக்குப்பம் ஜோசப்ராஜ். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சர்ச்சில் முதல் பெஞ்சு. மனைவி சாராள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் ரெனிதா. அவளுக்கும் பிராங்குக்கும் பழக்கம். கட்டினால் இவளைத்தான் என்று பிராங்க் பெண் கேட்கப் போனான். நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் போனான், என்ன பிரயோஜனம். மனிதர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்.

"கார் கழுவறவனுக்கு எங்க ஊட்டுப் பொண்ணு கேக்குதா மேன்?"

"கழுவறது இல்ல அங்கிள். டீடெய்லிங்."

"அதாவது இங்கிலீஷ்ல கழுவறது."

பிராங்குக்கு முகம் செத்துவிட்டது. ஊரையெல்லாம் கேவலப்படுத்துகிறவனுக்குத் தனக்கு ஒன்று திரும்பி வந்தால் தாங்காது. சுற்றும் முற்றும் பார்த்தான். கேட்டுக்கு உள்ளே வாதா மரத்தடியில் ஒரு பழைய சிவப்பு மாருதி கிடந்தது. சிவப்பு என்று இப்போது சொல்ல முடியாது. வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ரோஸ் கலர். மேலெல்லாம் காக்கா எச்சம், டயர் நாலும் தரையோடு தரை.

"இந்த வண்டிய மூஞ்சி தெரியற மாதிரி ஆக்கிக் காட்டறேன் அங்கிள். அப்ப குடுப்பீங்களா?"

ஜோசப்ராஜ் மூக்கால் சிரித்தார். "என் மூஞ்சி அதுல தெரியட்டும் மேன். அப்பறம் பேசலாம்."

சரி. சனிக்கிழமை டயருக்குக் காற்றடித்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ரெனிதாவும் கூடவே வந்தாள். கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கை நாற்றம், மக்கின சீட்டு நாற்றம். அதற்கும் அடியில் இன்னொரு வாசனை… மண்ணெண்ணெய். டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டான் பிராங்க். ஒரு துணி. நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட பழைய புடவைக் கிழிசல், காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது.

அவன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். "இதான் விஷயம். பழைய ஆளுங்க பளபளன்னு தெரியணும்னு மண்ணெண்ணெய்த் துணியால தொடைப்பாங்க. அன்னிக்கு மின்னும், அப்பறம் பெயிண்டு செத்துடும். எந்த மூதேவி இத்தினி வருசம் தொடைச்சிதோ…"

"எங்கம்மா" என்றாள் ரெனிதா.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் துணி ஏற்கெனவே குப்பை டிரம்முக்குள் போயாயிற்று. திரும்ப எடுக்கவில்லை. எடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமே.

ரெனிதா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். தினம் காலையில் அப்பா எழுந்திருப்பதற்குள் அம்மா வண்டி முழுக்கத் துடைத்துவிட வேண்டும். அவர் வந்து பானெட்டில் குனிந்து முகம் பார்த்துத் தலை சீவுவார். முகம் தெரியாவிட்டால் மறுபடியும் துடைக்கணும். முன் சீட்டில் ஒரு நாள்கூட அம்மா உட்கார்ந்தது கிடையாது. கை நாறுகிறது, பின்னாடி உட்காரு என்று விடுவார். ஒரு மழை நாள், காலையில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு நெஞ்சு வலி. இவள் அப்பாவின் காலைப் பிடிக்காத குறையாக வண்டியை எடுக்கச் சொன்னாள்.

"ரோடெல்லாம் சேறு, இப்பதான தொடைச்சிது, ஆட்டோ கூப்டுன்னாரு" என்றாள் ரெனிதா. "ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. அந்தத் துணி கையிலயே இருந்துது. நான்தான் எடுத்து சீட்டுக்கு அடியில வெச்சேன்."

அதற்கப்புறம் அந்த மனிதர் வண்டியைத் தொடவே இல்லை. துக்கத்தில் தொடவில்லை என்று சர்ச்சில் எல்லாரும் உருகினார்கள். துக்கமாம் துக்கம். துடைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எல்லாரும் ஆராதனைக்குப் போயிருக்கிற நேரம், பிராங்க் தனியாகக் கடையில் மெஷின் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமையே வண்டியைக் கழுவியாயிற்று. டேப் ஒட்டி, பானெட்டில் டிரைவர் பக்கப் பாதியை மட்டும் தேய்த்தான். பழைய பெயிண்டு மெஷின் பேடில் சிவப்புச் சிவப்பாக வழிந்தது. வெள்ளை பேடு, கிளவுஸ், தரை எல்லாம் சிவப்பு. அவன் பார்க்காத சிவப்பா, விசில் அடித்துக்கொண்டு துடைத்தான். ரோஸ் கலர் போய் உள்ளேயிருந்து ரத்தச் சிவப்பு எழுந்து வந்தது. நல்ல வேலைக்காரன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீடியோவுக்கு வெயில் வேண்டுமே… வண்டியைத் தள்ளி ரோட்டில் நிறுத்தினான். மெஷினை அணைத்தான். போனைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

பாலிஷ் போட்ட பாதியில் எல்லாம் தெரிந்தது. கரண்ட் கம்பி, வானம், அவன் மூஞ்சி. அவன் தோளுக்குப் பின்னால்… ஒரு முழங்கை.

ஒரு பொம்பளை முழங்கை. நீலப் புடவை, மஞ்சள் பூ. முழங்கை முன்னும் பின்னும் போய்ப் போய் வந்தது, எதையோ தேய்க்கிற மாதிரி. முழங்கைக்குக் கீழே பார்க்கலாம் என்றால் அங்கே டேப். டேப்புக்கு அந்தப் பக்கம் அழுக்குப் பெயிண்டு, அதில் எதுவும் தெரியாது. கையில் பாதி இந்தப் பக்கம் இருந்தது. மீதி தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தான். ரோடு. வெயில். யாரும் இல்லை.

அப்புறம்தான் சத்தம் கேட்டது. சரக்… சரக்… சரக்… துணியால் தகரத்தைத் தேய்க்கிற சத்தம். அழுக்குப் பாதியிலிருந்து வந்தது. மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

ஸ்டூடியோ முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு வண்டியை உள்ளே தள்ளி, ஷட்டரை இழுத்துவிட்டு, ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு ஓடினார். ராத்திரி முழுக்க, வெயில் மண்டையில் ஏறிவிட்டது, பித்தம், காலையில் சாப்பிடவில்லை என்று தனக்குத்தானே சமாதானம். ரெனிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அப்பன் கேட்டுச் சிரிப்பானே என்ற பயம் பேய்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினான்.

வண்டி முழுக்க மின்னியது. பானெட்டின் மறுபாதி, கூரை, கதவு, டிக்கி, எல்லாம். டேப் மட்டும் ஒட்டினது ஒட்டினபடி நடுவில் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். மெஷின் தேய்த்தால் சுற்று பெரிதாக விழும். இது சின்னச் சின்னச் சுற்று, ஒரு உள்ளங்கை அகலம். கையால் தேய்த்தது. கையால் தேய்த்தால் இந்தப் பளபளப்பு வரவே வராது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் அவன்தான். கூரை மேல் அந்த நீலத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. தொட்டான். ஈரம். அப்படியே விட்டுவிட்டான்.

இப்போது ஒரு மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? ரெனிதாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்வான். இவன் டேப்பைப் பிய்த்தான், அந்தக் கோட்டையும் தேய்த்துச் சரிசெய்தான், ஜோசப்ராஜுக்குப் போன் போட்டான்.

"முடிச்சிட்டேன் அங்கிள். வந்து மூஞ்சி பாருங்க."

வந்தார், மகளோடு. அதே வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் சீப்பு. வண்டி வெயிலில் நின்றது. ரெனிதா கிட்டப் போகும்போதே மூக்கை உறிஞ்சினாள். மண்ணெண்ணெய் வாசனை. பிராங்கைப் பார்த்தாள்.

"கழுவத் தெரிஞ்சிருக்கு மேன்" என்று சொல்லிக்கொண்டே ஜோசப்ராஜ் சீப்பை எடுத்துக்கொண்டு பானெட்டின் மேல் குனிந்தார்.

பிராங்க் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தான். பானெட்டில் கரண்ட் கம்பி தெரிந்தது. வானம் தெரிந்தது. ரெனிதா தெரிந்தாள், இவன் தெரிந்தான். அவருடைய வெள்ளைச் சட்டை, காலர், மேல் பட்டன்வரை தெரிந்தது. காலருக்கு மேலே… ஒரு முகத்தின் அளவுக்கு மட்டும் பெயிண்டு வெளுத்துப்போய், அந்தப் பழைய சுண்ணாம்பு ரோஸ்.

அவர் தலையை நகர்த்தினார். அந்த வெளுப்பும் கூடவே நகர்ந்தது. கதவுப் பக்கம் போய்க் குனிந்தார். அங்கேயும் வந்தது. கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார், குட்டை சிவப்பானதுதான் மிச்சம்.

"தெரியல" என்றார். குரலில் ஃபோர்மேன் போய்விட்டான். "இன்னா மேன் பண்ணி வெச்சிருக்க? என் மூஞ்சி எங்க?"

ஜோசப்ராஜ் கை நீட்டிக் கூரை மேலிருந்த நீலத் துணியை எடுத்தார். அது என்ன துணி என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் எடுத்தார். துடைக்க ஆரம்பித்தார். சின்னச் சின்னச் சுற்றாக.

"அங்கிள், நம்ம பேச்சு…" என்று இழுத்தான் பிராங்க். அப்போதுகூட அவனுக்கு அவன் காரியம்.

அவர் நிமிரவில்லை. "மூஞ்சி தெரியட்டும் மேன். அப்பறம் பேசலாம்."

வெயில் சாய்ந்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் வண்டியை அவரோடு சேர்த்துத்தான் கள்ளிக்குப்பத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பிராங்கும் ரெனிதாவும் ஒரு மாசம் காத்திருந்தார்கள். தினம் விடிகிற நேரத்தில் வாதா மரத்தடியில் சரக் சரக் என்று சத்தம். சட்டையெல்லாம் சிவப்பு, நகத்தில் சிவப்பு. முதல் பெஞ்சுக்காரர் சர்ச் பக்கமே போவதில்லை. பிராங்க் ஒரு நாள் ரெனிதாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தான். முழங்கை, டேப், யார் தேய்த்தது, எல்லாம்.

அவள் கேட்டுவிட்டு, "அவரு தொடைக்கட்டும். நம்ம கல்யாணத்துக்கு அவரு மூஞ்சி வேணாம்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. தேவாவும் நானும் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். பெண்ணின் அப்பா வரவில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்தார். பிராங்க் இப்போது எந்த வண்டிக்கும் டேப் ஒட்டுவதில்லை, எவனையும் ஏளனமாகப் பேசுவதும் இல்லை. அவன் மாதிரி ஆளுக்கு அதுவே பெரிய மாற்றம்தான்.

போன வாரம் தேவா அந்த வழியாகப் போனான். பெரியவர் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். வண்டி தெருவே தெரிகிற மாதிரி மின்னுகிறதாம். இவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், என் மூஞ்சி தெரியுதா தம்பி என்று. இவன் பானெட்டைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தான். சொட்டச் சொட்ட மண்ணெண்ணெய்.

அந்த வீட்டு ரேஷன் கார்டில் மண்ணெண்ணெய் நின்று பல வருஷம். அந்த மனிதரும் கேட்டைத் தாண்டுவதில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் வாங்கிக் கொடுப்பதும் இல்லை, தேவா விசாரித்துவிட்டான். ஆனால் தினம் காலையில் அவர் எழுந்து வருவதற்குள்… துணி நனைந்து, நாலாக மடித்து, பானெட்டின் மேல் தயாராக இருக்கிறது.