பதினைந்து நிமிடக் கடை

பதினைந்து நிமிடத்தில் ஒரு வண்டிக்கு ஆயில் மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும் ஐயா. தாராளமாக முடியும். பழைய ஆயில் வடிய ஆறு நிமிடம், ஃபில்டர் மாற்ற மூன்று நிமிடம், புது ஆயில் ஊற்ற இரண்டு நிமிடம். மீதி நேரத்தில் முன்கண்ணாடியைத் துடைக்கலாம், டயரில் காற்றுப் பார்க்கலாம், வந்தவரிடம் பல்லைக் காட்டிச் சிரிக்கலாம். முப்பத்தோரு வருடமாக மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன். இதே வேலைக்கு நான் அரை நாள் எடுத்துக்கொள்வேன். வேலை அவ்வளவு நேரம் பிடிப்பதால் அல்ல. பட்டறையில் நாலு வண்டி நின்றால்தான் ஐந்தாவது வண்டி வரும்.

அந்தப் பதினைந்து நிமிடக் கடையை நம்பலாமா என்று போன வாரம் எழுத்தில் கருத்துக் கேட்டீர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் அப்பாவிடமே கேட்கலாமா என்று உங்கள் பக்கத்தில் இருந்த அதிகாரி தயங்கினார். இந்த ஊரில் இவரைவிட வண்டி தெரிந்தவர் யார் என்று நீங்கள்தான் அவர் வாயை அடைத்தீர்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்று அதில் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், நான் ஓடிப்போக மாட்டேன்.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். என் மகள் ஓட்டிப்போன வண்டியில் ஆயில் முழுக்க வடிந்துவிட்டது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்த லாரி மோதியது. இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள், இன்றோடு பத்தொன்பது நாள். ஆயில் தொட்டியின் அடியில் ஒரு துளை இருக்கும், அதை மூடும் போல்ட்டைக் காணவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கடையில்தான் ஆயில் மாற்றியிருந்தார்கள். அங்கே வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்று வேலை பார்க்கிறவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அந்தக் கடையை எனக்குப் பிடிக்காது. மறைக்கவில்லை. திறந்த நாளிலிருந்தே பிடிக்காது. பளபளவென்று தரை, எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. மெக்கானிக்குக் கையில் கரி இருக்க வேண்டும், நெஞ்சில் பெயர் எதற்கு? முதல் ஆறு மாதத்தில் என் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். பரவாயில்லை, ஊரார் எப்படியோ போகட்டும் என்று இருந்தேன். பிறகு என் மாப்பிள்ளை போனார்.

போனதுகூடப் பெரிதில்லை. என் வீட்டில் உட்கார்ந்து, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னார்.

"பதினஞ்சே நிமிஷம் மாமா. வண்டிய விட்டு எறங்கவே வேணாம். உங்ககிட்ட விட்டா, காலையில விட்டுட்டு சாயங்காலம் வந்தாலும் 'வேலை நடந்துட்டிருக்கு'ன்னு சொல்வீங்க. என்ன வேலைன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள். என் மகள், ஸ்பானரைப் பிடிக்க நான் சொல்லிக்கொடுத்த மகள், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவர் முகத்தைத் தட்டோடு சேர்த்து அமுக்க வேண்டும் போல இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் மூன்று நாள் காலையில் உட்கார்ந்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கீழே குழியில் நிற்பவர் போல்ட்டை இறுக்கியதும், மேலே நிற்பவர் "கீழ டைட்டா?" என்று கத்துவார். கீழிருந்து "டைட்" என்று பதில் வந்தால்தான் புது ஆயில் ஊற்றுவார்கள். பதில் வராவிட்டால் ஊற்ற மாட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது வண்டி, நாற்பது தடவை கத்தல். ஒரு தடவையாவது விட்டுப்போகும் என்று காத்திருந்தேன். விட்டுப்போகவில்லை. மூன்றாவது நாள் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இந்த மாதிரிக் கடைகளால் பாழான இன்ஜின்கள் இருபதைப் பார்த்திருக்கிறேன் என்று. உங்களுக்கு எழுதிக் கொடுத்த பக்கத்திலும் இருபது என்றுதான் இருக்கும். அதைத் திருத்திக்கொள்ளுங்கள், இரண்டு. அதில் ஒன்று என் பட்டறையிலேயே நடந்தது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு நீளமான நடை. சுவரோரம் மாப்பிள்ளை நின்றிருந்தார், காய்ச்சலில் முகம் வெளுத்து, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு. என்னைப் பார்த்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தலதலயா அடிச்சுக்கிட்டீங்க மாமா. நான்தான் கேக்கல. அந்தக் கடைக்காரனுங்கள நம்பி அவள இப்படிப் பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க மாமா."

உள்ளே என் மகளின் காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அந்த வார்த்தையைக் கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்தது சந்தோஷம்தான் ஐயா, வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் தோளைத் தட்டி, "விடுங்க மாப்பிள்ளை, இப்பவாவது புரிஞ்சுதே" என்றேன்.

அடுத்த வாரமே என் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. நசுங்கிய வண்டியின் படம் பத்திரிகையில் வந்திருந்தது. அதை வெட்டிப் பட்டறையின் முன்சுவரில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டினேன். என் மனைவி வந்து அதைக் கிழித்தாள். "பெத்த பொண்ணோட ரத்தங்க அது" என்றாள். அவளுக்குத் தொழில் தெரியாது.

இனி நான் எழுதிக் கொடுத்த பக்கம். போல்ட்டை இறுக்கியதும் அதன் மேலும் தொட்டியின் மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுவது தன் வழக்கம் என்று குழிக்காரர் உங்களிடம் சொன்னார். இறுக்கியதற்கு அதுதான் அடையாளம். போல்ட் ரோட்டில் விழுந்துவிட்டாலும் தொட்டியின் மேல் பாதிக் கோடு நிற்க வேண்டும். நீங்கள் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். நான் படுத்து, விளக்கடித்துப் பார்த்து, கோடு எதுவும் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. கோடு இல்லை. அந்த ஒரு வரியில்தான் அவர் உடைந்துபோனார் என்று சொன்னீர்கள்.

நேற்று அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். "நாற்பது வண்டிக்கும் டைட் என்று கத்துகிறேன். அந்த வண்டிக்கு இறுக்கிவிட்டுக் கத்தினேனா, பழக்கத்தில் கத்தினேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. மறந்திருப்பேன். அந்தப் பெண்ணின் கால் போனதற்கு நான்தான் காரணம்." அது நீங்கள் அடித்து வாங்கியதல்ல, அவரே நம்பிவிட்டார். நாற்பது தடவை ஒரே சொல்லைக் கத்துகிறவரிடம் போய் இருபத்தேழாவது தடவை என்ன செய்தாய் என்று கேட்டால் பாவம் என்ன சொல்வார்?

அதோடு போயிருந்தால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நேற்று மாலை அதை என் மகளிடம் சொன்னேன்.

"மறந்துதானப்பா போயிட்டாரு. வேணும்னா செஞ்சாரு? அவர விட்டுடச் சொல்லுங்கப்பா. உள்ள வெச்சா என் கால் மொளச்சிடவா போகுது?"

மாப்பிள்ளையும் தலையாட்டினார். மறப்பது மனுஷ இயல்பு மாமா என்றார். பதினெட்டு நாளில் அவருக்கு அந்தக் கடைக்காரன் மனுஷனாகிவிட்டான். ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. மறந்தானாம், இவர்கள் மன்னிக்கிறார்களாம். நடக்காத ஒன்றுக்கு மன்னிப்பு.

அவர் மறக்கவில்லை ஐயா. தொழில் விஷயத்தில் தப்பான தகவல் கோர்ட்டுக்குப் போக நான் விட மாட்டேன். அந்த போல்ட் இறுகியிருந்தது. நான் பார்த்தேன்.

விபத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். வண்டி வெயிலில் நிற்கிறது, நிழலில் போடுகிறேன் என்று சாவியை வாங்கினேன். வீட்டை ஒட்டித்தான் பட்டறை. வண்டியைக் குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, நம்புங்கள். ஒரு சொட்டுக் கசிவு, பழைய வாஷர், சாய்ந்து ஏறிய மரை, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுதான் இறங்கினேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. புது வாஷர். போல்ட் சரியான இறுக்கத்தில், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சுற்றிலும் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்திருந்தார். நடுவில் அந்த வெள்ளைக் கோடு, வளையாமல், அளந்து போட்ட மாதிரி. முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு வண்டியின் அடியைத் துடைத்து அனுப்பியதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவேன். இவர் யாரும் பார்க்காத இடத்தைத் துடைத்திருந்தார். எனக்கு அங்கேதான் தாங்கவில்லை.

நீளக் கைப்பிடி போட்டுத்தான் திறக்க முடிந்தது. முழுக்கக் கழற்றவில்லை, தளர்த்திவிட்டு விரலால் திருகி வைத்தேன். நிற்கும்போது சொட்டாது, இன்ஜின் சூடாகி அதிர அதிரத் தானாகக் கழன்று வரும். வெள்ளைக் கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மாப்பிள்ளை திங்கட்கிழமை அலுவலகம் போவார், ஊருக்குள் நத்தை மாதிரி நகரும் ரோடு, எங்கேயாவது வண்டி நின்றுபோகும், எனக்கு போன் வரும். நாலு பேர் முன்னால் நான் குனிந்து பார்த்து, "கடைக்காரன் இறுக்கவே இல்ல மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இழுவைக் கயிற்றைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

இதை நேற்றே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவருக்கு நல்ல காய்ச்சல். வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். பைபாஸ்ல போனா சீக்கிரம் போயிடலாம்ல?"

போகாதே என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தக் கடைக்காரர் ஒழுங்காக இறுக்கியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஐந்து விநாடி யோசித்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கே இருந்தாலும் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் போய்விடும் என்று அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து சொல்லியிருக்கிறேன். நிறுத்திவிடுவாள், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

"பாத்துப் போம்மா" என்றேன்.

அவள் நிறுத்தினாள். பாலத்தில் ஒதுங்க இடமில்லை, இருந்தாலும் நான் சொன்னபடி நிறுத்தினாள்.

அந்தக் குழிக்காரரை அனுப்பிவிடுங்கள், அவர் வேலையில் குறை ஒன்றும் இல்லை. என் மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. நான் கெட்டவன் என்று அவள் நினைப்பாள், நினைக்கட்டும். ஆனால் ஒன்றை மட்டும் வாக்குமூலத்தின் கடைசியில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை என்னிடம் விட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.