கவுனை வெட்டித் தைத்த சட்டை

"ஹலோ... ஆங், சொல்லுக்கா... இல்ல, வாயில ஊசி இருந்துச்சு, அதான்... எடுத்துட்டேன், சொல்லு... என்ன போட்டோ?... எங்க திரையோடதா? யாரு அனுப்பினது, மாடிவீட்டு டீச்சரா? அவங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

தையல்காரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். நூலகத்தின் பின்கூடத்தில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு, பன்னிரண்டு அடி நீளத்துக்குத் திரை விரித்திருந்தது. அத்தனையும் பழைய துணி. ஆணை நேசிக்கும் பையன்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், பிறந்தபோது ஊர் சொன்ன பாலில் வாழ மறுத்தவர்கள் என்று பதினான்கு பால்புதுமை இளைஞர்கள் ஆளுக்கொரு பழைய உடுப்பைக் கொண்டுவந்து, வெட்டி, தங்கள் மனதுக்குப் பிடித்ததாக மாற்றித் தைத்தது. அவர்களைக் கொண்டாடத்தான் இந்தத் திரை. நாலு மணிக்கு முன்கூடத்தில் ஏற்றியாக வேண்டும். மணி மூன்று. இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா கூப்பிட்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பிய அவள் பிள்ளை வாண்டுவும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவன்.

"ஆமா, அதே பச்சைக் கவுன்தான். ஆறாவது பிறந்தநாளுக்கு நீ துணி எடுத்துக் குடுத்து நான் தச்சது... நான் எதுக்கு வெட்டறேன்? கத்தாதக்கா, காது கிழியுது. அவன்தான் வெட்டினான்... அவன்... அவன்தான்க்கா! எத்தனை தடவை சொல்றது உனக்கு? சரி சரி, நீ எப்படியோ சொல்லிக்கோ. நான் இப்படித்தான் சொல்வேன்."

நூல் சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து அறுத்தாள்.

"திருட்டா? அவன் கவுனை அவன் பீரோவுலேருந்து எடுத்தா அது திருட்டா? நல்ல கதையா இருக்கே... என்னது, எட்டு மாசமா தேடினியா? எதுக்கு?... சரி, சரி, கேக்கல, விடு."

அக்கா அழுகிறாளோ என்று ஒரு கணம் கையை நிறுத்தினாள். அழுகையெல்லாம் இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

"பிரிக்க முடியாது... முடியாதுன்னா முடியாதுதான். நட்டநடுவுல இருக்கு அது. அதை உருவினா திரை ரெண்டாப் போயிடும். மத்த பதிமூணு பேரு என்ன பாவம் பண்ணாங்க? ஒரு பொண்ணு பள்ளிக்கூடப் பாவாடையை வெட்டி ரெக்கை தச்சிருக்கு. ஒருத்தன் அண்ணனோட கோட்டை அக்குவேறா ஆணிவேறாப் பிரிச்சிருக்கான். மூணு மாசம், எங்க கை பூரா ஊசிக்குத்து... பார்த்தா பார்க்கட்டும். சொந்தக்காரங்க பார்க்கறதுக்காகத்தான் மாட்டறோம்... அத்தானை எதுக்கு இழுக்கற? அத்தான் நூலகப் பக்கம் வந்து எத்தனை வருஷமாச்சு?... ஏய், ஏணியை ஆட்டாதீங்க, விழுந்து தொலைக்கப் போறான்!... உன்னை இல்லக்கா, இங்க பசங்களை."

முன்கூடத்துக் கதவு திறந்தே இருந்தது. ஏணி உச்சியில் நின்று வாண்டு கம்பியில் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆமா, இங்கதான் இருக்கான். குடுக்கட்டுமா?... வேணாமா? அப்ப எதுக்குக் கேட்ட?... சாப்பிட்டான்... சாப்பிட்டான்னு சொல்றேன்ல... இளைக்கல்லாம் இல்ல. இதை ஒரு வார்த்தை அவன்கிட்ட கேக்க உனக்கு வாய் வராது, எட்டு மாசமா என்னைப் போட்டு அரிக்கறது. எனக்கு மட்டும் இது நல்லாவா இருக்கு?"

அக்கா ஏதோ சொன்னாள். தையல்காரியின் குரல் சட்டென்று தணிந்தது.

"நானும் அதையேதான் கேட்டேன். போட மாட்டேன்னு தரையில உருண்டு அழுத கவுனாச்சே, அதைப் போயி ஏன்டா தூக்கிட்டு வந்தேன்னு... சொன்னான். அம்மா அந்தத் துணிக்காக மூணு கடை ஏறி இறங்கினாங்க சித்தி, விட்டுட்டு வர மனசு வரலன்னான்... ஹலோ?... அக்கா, லைன்ல இருக்கியா?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"போட்டோவை நீ ஒழுங்காவே பார்க்கல. பெரிசாக்கிப் பாரு... சட்டைக்கா. கவுனைப் பிரிச்சு சட்டை தச்சிருக்கான். ஆறு வயசுப் பிள்ளைக்கான அளவுல. என் பழைய அளவு நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்து வெட்டினான்... காலர் உண்டு, பாக்கெட் உண்டு. அந்தப் பிறந்தநாளுக்கு அவன் கேட்டது அதானே? நம்ம ரெண்டு பேரு காதுலயும்தான் விழல. நான் தச்சேன், நீ மாட்டிவிட்ட... இல்ல, உன்னை மட்டும் சொல்லலக்கா. என்னையும் சேர்த்துத்தான்."

ஒரே மெஷினில் தையல் பழகியவர்கள் அவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா ஊசியைத் தொடவில்லை. ஆனால் தைத்த துணியைக் கண்டால் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டாள்.

"பட்டனா?... வலது பக்கம். ஆம்பளைச் சட்டைக்கு வைக்கிற பக்கம்தான்... ஆமாமா, காஜா இடது பக்கம். கையாலயே எடுத்தது..."

அக்கா அடுத்துக் கேட்டதில் தையல்காரியின் ஊசி பாதித் துணியில் நின்றுவிட்டது. பட்டன் நுழையும் காஜாவைப் பற்றிய சாதாரணக் கேள்விதான். ஆனால் அது 'ளா' என்று முடியவில்லை, 'னா' என்று முடிந்தது.

"அக்கா... இப்ப என்ன சொன்ன?... காஜா கிடக்கட்டும், அதை விடு. நீ இப்ப சொன்னியே... சொன்னக்கா, என் காதால கேட்டேன்... அய்யோ, அதுக்கு ஏன் கோவப்படற? நல்லதுக்குத்தானே... ஹலோ? அக்கா?... ஹலோ?"

அக்கா வைத்துவிட்டாள். தையல்காரி திரும்பக் கூப்பிட்டாள், மணி போனது, அக்கா எடுக்கவில்லை.

"ச்சே! அவ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிருப்பா. பெரிய வக்கீலாட்டம் குறுக்க விழணுமா? அவசரக்குடுக்கை!" என்று தன்னையே திட்டியபடி ஊசியை மறுபக்கம் இழுத்தாள்.

"யாரு சித்தி?" என்றான் ஏணிமேல் நின்றவன்.

"உங்கம்மா."

"பிரிக்கச் சொன்னாங்களா?"

"சொன்னா. முடியாதுன்னுட்டேன். அப்புறம் காஜா பிசிறில்லாம எடுத்திருக்கானான்னு கேட்டா."

அவன் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினான்.

"எடுத்திருக்கானான்னா? அப்படியேவா கேட்டாங்க?"

"அப்படியேதான். மணி மூணேகால் ஆச்சு, வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காத. மாட்டு."