முப்பத்தெட்டு காட்டுது

மாக்கிறேட்: ...அப்ப கொஞ்சம் காத்தைத் திறந்து விடட்டோ? வின்ரரில ரயர் மெத்தெண்டு இருந்தாத்தான் ரோட்டைப் பிடிக்குமாம். பக்கத்து வீட்டு நாகேஸ்வரியக்கா சொன்னவ.

அலோசியஸ்: நாகேஸ்வரிக்கு லைசென்ஸ் இருக்கோ?

மாக்கிறேட்: அந்தக் கதை இப்ப என்னத்துக்கு?

அலோசியஸ்: திறக்காதேயும். குளிருக்கு அது தானாக் குறையும். டிரைவர் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஸ்ரிக்கர் இருக்கு, வாசியும்.

மாக்கிறேட்: காத்து முப்பத்திமூண்டு எண்டு கிடக்கு.

அலோசியஸ்: கோடையெண்டாலும் குளிரெண்டாலும் அதுதான். ரயர் ஆறியிருக்கேக்க பாக்கவேணும். மாசம் ஒருக்கால்.

மாக்கிறேட்: பாக்கிறனான். நேற்றும் எங்கட றோவில் பெற்றோல் ஷெட்டில முப்பத்திமூண்டு அடிச்சனான். நீங்கள் போனாப்பிறகு எல்லாம் நான்தானே...

அலோசியஸ்: ம்.

மாக்கிறேட்: என்ன ம்?

அலோசியஸ்: ஒண்டுமில்லை. இஞ்ச சிட்னி டூங்கபியிலயும் சரியான குளிர்.

மாக்கிறேட்: ஆர் போகச் சொன்னது?

அலோசியஸ்: நீர்தான். போறதெண்டாப் போங்கோ எண்டனீர்.

மாக்கிறேட்: இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தின மனுசி. ஒரு வார்த்தை கேக்காமல் சிட்னி வேலைக்கு ஓம் எண்டு போட்டு, சூட்கேசோட நிண்டு வாறீரோ எண்டால்... வேற என்னத்தைச் சொல்லுறது? போங்கோ எண்டால் போறதோ?

அலோசியஸ்: ...சரி. காத்தடிக்கிற மெசின் இப்ப என்ன காட்டுது?

மாக்கிறேட்: முப்பத்தெட்டு.

அலோசியஸ்: நாலுமோ?

மாக்கிறேட்: முன் ரெண்டும். பின்னுக்கு முப்பத்தேழு.

அலோசியஸ்: நேற்று முப்பத்திமூண்டு எண்டீர்.

மாக்கிறேட்: ஓம். இந்த மெசின் பிழையாக்கும்.

அலோசியஸ்: மாக்கிறேட்... ரயர் சும்மா நிண்டு ஊதாது. ஓடி ஓடிச் சூடேறினாத்தான் கூடும். வீட்டில இருந்து ஷெட்டுக்கு ரெண்டு நிமிசம்.

மாக்கிறேட்: வெயிலுக்கு...

அலோசியஸ்: றோவிலில விடிய இருந்து மழை.

மாக்கிறேட்: உங்களுக்கு ஆர் சொன்னது?

அலோசியஸ்: போனில பாக்கிறனான். ஒவ்வொரு நாளும்.

மாக்கிறேட்: டூங்கபியில இருந்துகொண்டு றோவில் மழையையோ?

அலோசியஸ்: கதையை மாத்தாதேயும். எவ்வளவு நேரம் ஓடினனீர்?

மாக்கிறேட்: சும்மா... கொஞ்ச நேரம்.

அலோசியஸ்: மாக்கிறேட்.

மாக்கிறேட்: ...விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டனான்.

அலோசியஸ்: இப்ப பன்னிரண்டு. தனியவோ?

மாக்கிறேட்: பின்ன? எனக்கு ஏலாதப்பா. ஞாயிறு பூசையில உங்கட இடத்தில என்ர ஹான்ட்பாக்கை வைச்சு இடம் பிடிக்கிறன். போன கிழமை ஒருத்தர் வந்து, ஆக்கள் வருகினமோ எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிப் போட்டன். பூசை முடியுமட்டும் அந்த மனுசன் நிண்டுகொண்டிருந்தார்... எனக்கு அழுகை வந்திட்டுது.

அலோசியஸ்: ...இப்ப எவடத்தில நிக்கிறீர்?

மாக்கிறேட்: ஊர்ப்பேர் பாக்கேல்லை. முன்னால சீமெந்தில ஒரு செம்மறியாடு நிக்குது. மாடி வீட்டளவு.

அலோசியஸ்: அது கோல்பேர்ன். இஞ்ச வர இன்னும் ரெண்டு மணித்தியாலம்தான்.

மாக்கிறேட்: வரட்டோ? வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, இதிலயே திரும்புறன். ரயரைக் கேக்கிற சாட்டிலதான் போன் எடுத்தனான். நேர கேக்கப் பயமாக் கிடந்தது.

அலோசியஸ்: வாரும். காத்தைத் திறவாதேயும், சூட்டுக்கு அப்பிடித்தான் காட்டும். ஒரு கால்மணித்தியாலம் இருந்து ஆறிப்போட்டு வெளிக்கிடும். ஆட்டுக்குப் பக்கத்துக் கடையில தேத்தண்ணி வாங்காதேயும், வாயில வைக்கேலாது. கோப்பி எடும்.

மாக்கிறேட்: நில்லுங்கோ. நீங்கள் பிளேனிலயெல்லோ போனனீங்கள். இந்தக் கடைத் தேத்தண்ணி உங்களுக்கெப்பிடித் தெரியும்?

அலோசியஸ்: ...இஞ்ச ஒரு பழைய கார் வாங்கினனான். சனிக்கிழமையளில றோவிலுக்கு எண்டு வெளிக்கிடுவன். அந்த ஆட்டடி வரைக்கும்தான் வர ஏலும். அதுக்கங்கால, நீர் கதவைத் திறக்காட்டி என்ன செய்யிறது எண்ட யோசினை வந்திடும்... திரும்பிடுவன்.