பிரஷ்ஷில் சிக்கிய நீல நூல்

– இல்லீங்க, இந்த வேக்குவம் கிளீனர் காத்து நல்லாதான் இழுக்குது. பிரஷ்தான் சுத்த மாட்டேங்குது. கையை வச்சுப் பாருங்க.

– காத்து இழுக்குதுல்ல? அப்புறம் என்ன? சொல்லப்போனா, இழுக்கறதுக்குத்தானே வாங்கினோம்.

– பிரஷ் சுத்தினாத்தான் கார்பெட்ல இருக்கற தூசி கிளம்பும். இல்லன்னா சும்மா மேலாப்புல தடவிக் குடுக்கற மாதிரிதான். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நான் இதைத் தொடறேன், அன்னிக்குப் பாத்து மக்கர் பண்ணுது.

– விடு தாயே. நாளைக்கு ஆபீஸ் போற வழியில ரிப்பேர் கடையில குடுத்துட்டுப் போறேன். இன்னிக்கு விளக்குமாத்தால ஒப்பேத்திடு.

– கடைக்கு எதுக்கு? முதல்ல பட்டனைப் பாருங்க. தரைக்கு ஒண்ணு, கார்பெட்டுக்கு ஒண்ணு இருக்கும். தரையில வச்சா பிரஷ் நின்னுடும்.

– கார்பெட்லதான் இருக்கு.

– அப்ப உள்ள பெல்ட் அறுந்திருக்கணும், இல்ல பிரஷ்ல ஏதாவது சுத்திக்கிட்டிருக்கணும். பிளக்கைப் பிடுங்குங்க. கவுத்துப் போட்டுப் பிரிச்சுடலாம்.

– பிரிக்கறதெல்லாம் வேணாம். வாரண்டி போயிடும்.

– அது போன வருஷமே போயாச்சு.

– ஸ்க்ரூ தொலைஞ்சிடும். மிக்ஸியைப் பிரிச்சு மாட்டினப்புறம் ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சி நின்னுதே, ஞாபகம் இருக்கா?

– பிரிச்சது நீங்க.

– அதான் சொல்றேன். நமக்கும் ஸ்க்ரூவுக்கும் ராசி இல்ல.

– இதுல ஸ்க்ரூவே இல்லீங்க, ஓரத்துல ஒரு கொக்கி. அமுக்கினா கழண்டு வந்துடும். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

– ஃபேன் போடலை.

– ஃபேன் தலைக்கு மேல ஓடுது. கொஞ்சம் தள்ளுங்க... ஐயையோ, என்னங்க இது கண்றாவி! உள்ள ஒரு நூல்கண்டே இருக்கு.

– முடியா இருக்கும். நீ சீவற சீவலுக்கு...

– என் முடி நீலமா? வெள்ளை, சாம்பல், மறுபடி நீலம். என் ஹேண்ட்பேக்ல சின்னக் கத்திரி இருக்கு, எடுத்துட்டு... இருங்க, இருங்க! பையைத் தொடாதீங்க, நானே எடுத்துக்கறேன்.

– பையில கத்திரி எதுக்கு?

– பொம்பளைங்க பையில ஆயிரம் இருக்கும். ரோலரைப் பிடிங்க. நீளவாக்குல ஒரு பள்ளம் தெரியுதா? அதுல கத்திரியை விட்டு வெட்டினா மொத்தமா உரிஞ்சு வந்துடும். இந்தாங்க, பாருங்க. அடியில இருக்கறது என் முடி, அது பழசு. அதுக்கு மேல முழுக்க நூல்தான்.

– துணி காயப் போடறோம், மடிக்கறோம். பிசிறு விழத்தானே செய்யும்?

– துணிப் பிசிறு பஞ்சு மாதிரி இருக்கும். இது தையல் மெஷின்ல ஓடற நூல். முறுக்கைப் பாருங்க. அதுவும் துண்டு துண்டா வெட்டினது. யாரோ இந்த ஹால்ல உக்காந்து தைச்சிருக்காங்க.

– நூலைப் பாத்தே ஜாதகம் சொல்றியே!

– பேச்சை மாத்தாதீங்க. இந்த வீட்டுல ஊசி கோக்கறவங்க யாரும் கிடையாது. சட்டையில பட்டன் அறுந்தாக்கூட நீங்க உங்க அக்கா வீட்டுக்கு ஓடறீங்க. காலையில நான் கிளம்பறேன், நீங்களும் கிளம்பறீங்க. சாயங்காலம் வந்தா வீடு துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. மனுஷன் திருந்திட்டாருன்னு நானும் சந்தோஷப்பட்டேன். பகல்ல இங்க யார் வர்றது?

– யாரும் வரலை.

– யார் அவ?

– அவளா? சத்தியமா எவளும் இல்ல!

– எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, தாங்கிக்கறேன். ஒளிச்சு வச்சா மட்டும் தாங்க மாட்டேன்.

– நான்தான்.

– என்ன நீங்கதான்?

– தைக்கறது நான்தான். ஆபீஸ்ல ஆள் குறைச்சாங்க. என்னையும் அனுப்பிட்டாங்க. மூணு மாசமாச்சு. பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பற மாதிரி கிளம்புவேன், நீ பஸ் ஏறினதும் திரும்பி வந்துடுவேன்.

– தையல் மெஷின்?

– அக்காவோடது, சின்ன மெஷின். அவதான் கத்தும் குடுத்தா. கட்டிலுக்கு அடியில, பெரிய சூட்கேஸ்ல இருக்கு.

– அதுல கம்பளியில்ல இருந்துது?

– கம்பளி மேல, மெஷின் கீழ.

– ஏங்க என்கிட்ட சொல்லலை?

– எப்படிச் சொல்ல? நீ தினம் ஆபீஸ்ல இருந்து துவண்டு போய் வர்ற. உன் சம்பளத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன்னு சொல்லவா? வேற வேலை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன். அதுவரைக்கும் ஒரு பிசிறுகூட உன் கண்ணுல படக்கூடாதுன்னு, நீ வர்றதுக்குள்ள தினம் இதைப் போட்டு ஹால் பூரா இழுத்துடுவேன். அதான் விஷயம். இழுத்த நூலெல்லாம் பிரஷ் கழுத்தை நெரிச்சிருக்கு.

– பெல்ட் அறுந்திருக்கா?

– என்ன?

– பெல்ட்டுங்க. அறுந்திருக்கா பாருங்க.

– இல்ல, நல்லாத்தான் இருக்கு.

– அப்ப ரோலரை மாட்டுங்க. கொக்கி விழுந்துதா? பிளக்கைப் போடுங்க... ம், சுத்துது. நிறுத்துங்க. என்ன தைக்கறீங்க?

– சட்டைக் காலர். பள்ளிக்கூடப் பசங்க யூனிஃபார்ம். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒரு தையல் யூனிட் இருக்கு. மூட்டையா எடுத்துட்டு வந்து, தைச்சு, கீழ கவுண்டர்ல போட்டுட்டு வரணும். மாடிக்கு யாரையும் விட மாட்டாங்க.

– டிப்போவுக்குப் பின்னாடியா?

– ஆமா. சொல்லப்போனா வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. மாடியில செக்கிங்ல ஒரு ராட்சசி இருக்கா, அவதான் கஷ்டம். நான் தைச்சதுல பாதியைப் பிரிச்சுத் திருப்பி அனுப்பிடறா. துணி மேல சாக்பீஸால பெரிசா ஒரு பெருக்கல் குறி வேற. காலரோட இடது நுனி சாஞ்சிருக்காம்! என்னமோ பசங்க ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டுத்தான் சட்டையை மாட்டப் போற மாதிரி.

– ராட்சசியா?

– பின்ன? மூஞ்சியைக்கூடப் பாத்ததில்ல. அவளையும் ஒருத்தன் கட்டிக்கிட்டு மாரடிக்கறானே, பாவம்னு நினைச்சுப்பேன். என்ன அப்படிப் பாக்கற? திட்டறதுன்னா திட்டிடு.

– என் ஆபீஸை மூடி ஆறு மாசமாச்சுங்க. சூட்கேஸை வெளிய இழுங்க, இடது நுனியை எப்படித் திருப்பறதுன்னு அந்த ராட்சசியே காட்டித் தரேன்.