லொக் அவுட் பண்ணினாப் பிறகும்

அருந்ததி: அவ லொக் அவுட் பண்ணிட்டாவோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ, கதிர்காமநாதன்.

கதிர்காமநாதன்: காலமை எட்டரைக்கே பண்ணிட்டா மேடம். ஆனால் அவ தொடக்கி வைச்ச வேலை நிக்கேல்லை. சேர்வருக்குள்ள இன்னும் ஓடிக்கொண்டிருக்கு.

அருந்ததி: ஆள் வெளியில, வேலை உள்ளுக்கயோ? அதெப்பிடி?

கதிர்காமநாதன்: அதைத்தான் பாக்கிறன்...

றுக்ஷானா: ஆள் வெளியில போகேல்லை மேடம். இஞ்சதான் கதிரையில இருக்கிறன்.

அருந்ததி: றுக்ஷானாவோ? நேற்றோட உமக்கு வேலை முடிஞ்சுதெண்டு கொழும்பில இருந்து கடிதம் அனுப்பினனான் எல்லே?

றுக்ஷானா: வந்தது. வாசிச்சனான்.

அருந்ததி: பேந்தென்ன அங்க இருக்கிறீர்?

றுக்ஷானா: என்ர பஸ் ஒரு மணிக்குத்தான். முள்ளியவளையில நீங்கள் நினைச்ச நேரத்துக்கு பஸ் வராது.

அருந்ததி: கதிர்காமநாதன், போனை ஸ்பீக்கரிலயோ போட்டிருக்கிறீங்கள்?

கதிர்காமநாதன்: ரெண்டு கையும் கீபோட்டில மேடம். வேற என்ன செய்யிறது...

அருந்ததி: சரி, கேளுங்கோ. காணித் திட்டம் முடிஞ்சுது, பன்னிரண்டுக்கு வாகனம் வந்து அந்த சேர்வரை ஏத்தும். அதுக்கு முன்னம் உள்ளுக்க இருக்கிற எல்லாம் அழிஞ்சிருக்கோணும்.

கதிர்காமநாதன்: அவவின்ர வேலை பைலுகளைப் பிடிச்சு வைச்சிருக்கு மேடம். முதல்ல அதை நிப்பாட்டோணும்.

அருந்ததி: அப்பிடி என்ன வேலை அது?

றுக்ஷானா: நான் சொல்லட்டோ?

கதிர்காமநாதன்: பிள்ளை, நீ கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு...

றுக்ஷானா: ஏன் அண்ணை? களவோ எடுத்தனான்? மேடம், ரெண்டு வருசமா சனம் கொண்டுவந்து தந்த காணிப் பேப்பரெல்லாம் ஸ்கான் பண்ணி இதுக்குள்ளதான் வைச்சனாங்கள். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். அவையவையின்ர பேப்பரை அவையவையின்ர போனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறன். நேற்றுப் பின்னேரம் தொடக்கினது.

அருந்ததி: ஆரைக் கேட்டு?

றுக்ஷானா: பேப்பரின்ர சொந்தக்காரரைக் கேட்டு.

அருந்ததி: அது திட்டத்தின்ர சொத்து. குடுக்கிறதோ இல்லையோ எண்டு நாங்கள் முடிவெடுப்பம்.

றுக்ஷானா: எப்ப எடுப்பீங்கள்? திங்கக்கிழமை காணிக் கச்சேரி. காணி ஆரின்ர எண்டு அண்டைக்குத்தான் விசாரிக்கினம். பேப்பர் காட்டாத ஆளின்ர காணி வேற ஆளுக்குப் போயிடும். போன மாரி வெள்ளத்தில அரைவாசிப் பேரின்ர பேப்பர் கூழாப் போச்சு மேடம். இப்ப இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் கிடக்கு. இதையும் அழிச்சால்...

அருந்ததி: கதிர்காமநாதன்! நிப்பாட்டுங்கோ அதை!

கதிர்காமநாதன்: இந்தா மேடம்... அவவின்ர பேரில என்னென்ன ஓடுதெண்டு லிஸ்ட் எடுக்கிறன்... ஓம், ஒண்டு நிக்குது. நம்பர் ஏழாயிரத்து நூற்றிப் பதினெட்டு. எந்த ஸ்கிறீனில இருந்து ஓடுதெண்டு போடுற இடத்தில கேள்விக்குறி கிடக்கு, ஆளில்லாமல் ஓடுது.

அருந்ததி: கேள்விக்குறி எனக்கு வேண்டாம். நிப்பாட்டுங்கோ.

கதிர்காமநாதன்: 'கில்' எண்டு அடிச்சிட்டன்.

அருந்ததி: நிண்டிட்டுதோ?

கதிர்காமநாதன்: பொறுங்கோ... ஓம்... இல்லை.

அருந்ததி: ஓமோ, இல்லையோ?

கதிர்காமநாதன்: அது செத்திட்டுது மேடம். ஆனால் அந்த இடத்தில இன்னொண்டு வந்திட்டுது. ஏழாயிரத்து நூற்றி இருபத்தாறு.

றுக்ஷானா: அதுக்கும் எங்கட குணம்தான் மேடம். கலைச்சு விட்டாலும் திரும்பி வந்து அதே இடத்தில குடியிருக்கும்.

அருந்ததி: நீர் சும்மா இரும்! உரமா அடிக்கிறதுக்கு ஒண்டு இருக்கெல்லே?

கதிர்காமநாதன்: மைனஸ் ஒன்பது. அடிக்கிறன்... செத்தது... ம்... வந்திட்டுது. இப்ப ஏழாயிரத்து நூற்றி முப்பத்தொண்டு.

அருந்ததி: என்ன விசர் வேலை இது?

கதிர்காமநாதன்: இஞ்ச நாளுக்கு நாலு தரம் லைன் அறுந்து போம். அதால, 'செத்தால் விட்ட இடத்தில இருந்து திரும்பத் தொடங்கு' எண்டு சொல்லித்தான் எல்லா வேலையையும் ஓட விடுறது. நான்தான் இவையளுக்குச் சொல்லிக் குடுத்தனான்.

அருந்ததி: அப்ப கழுத்தைப் பிடிக்க வேண்டியது உங்களை.

றுக்ஷானா: பொறுங்கோ, என்ர போன் அடிக்குது... ஹலோ? ஓம் ஹமீட் நானா... வந்திட்டுதோ? ரெண்டு பக்கமும் வடிவாத் தெரியுதோ? சீல் தெரியுதோ எண்டு பாருங்கோ... சரி சரி, அழாதீங்கோ. போய் ஒரு கடையில பிரிண்ட் எடுங்கோ. திங்கக்கிழமை கையோட கொண்டு போங்கோ. வைக்கிறன்.

அருந்ததி: என்ர காதுக்கு முன்னாலயே கதைக்கிறீர் என்ன?

றுக்ஷானா: ஒளிச்சுக் கதைக்க என்ன கிடக்கு? தொண்ணூறில வடக்கில இருந்து முஸ்லிம் ஆக்களைக் கலைக்கேக்க வெளிக்கிட்ட மனிசன் அவர். புத்தளத்தில இருந்த இருவது வருசமும் அந்தப் பேப்பரைத் தலகணிக்குள்ள வைச்சுப் படுத்தவர். திரும்பி வந்து வெள்ளத்தில விட்டிட்டார். நீங்களெண்டால் அவருக்கு என்ன சொல்லுவீங்கள் மேடம்?

அருந்ததி: கதிர்காமநாதன், இன்டர்நெட் வயரைக் கழட்டுங்கோ.

கதிர்காமநாதன்: கழட்டலாம். ஆனால் நாங்கள் இப்ப வட்ஸ்அப்பில கதைக்கிறதும் அந்த வயரிலதான். கழட்டினால் நான் என்ன செய்யிறனெண்டு உங்களுக்குத் தெரியாது.

அருந்ததி: அப்ப சுவிட்சை நூத்துக் கரண்டை நிப்பாட்டுங்கோ!

கதிர்காமநாதன்: பற்றறி கிடக்கு, ஓடும். பற்றறியையும் கழட்டினால் டிஸ்க் பழுதாப் போகும். நீங்கள்தான் கையெழுத்து வைச்சுத் தரோணும்...

அருந்ததி: உங்களோட கதைச்சு வேலையில்லை. இஞ்ச ரஜிதன் பக்கத்தில நிக்கிறார், எங்கட கம்பியூட்டர் ஆள். அவர் கேக்கிறார்... என்ன ரஜிதன்?... ஆ, இந்த மாதிரி வேலையெல்லாம் லொக் அவுட் பண்ணின உடன தானா நிண்டிருக்க வேணுமாம். ஏன் நிக்கேல்லை எண்டு கேக்கிறார்.

கதிர்காமநாதன்: ஓம்... நிண்டிருக்கத்தான் வேணும்.

றுக்ஷானா: என்ன அண்ணை? லொக் அவுட் பண்ணினால் நிண்டிடுமோ? எனக்கு ஏன் நீங்கள் சொல்லேல்லை?

கதிர்காமநாதன்: இஞ்ச ஆர் பிள்ளை லொக் அவுட் பண்ணுறது? எல்லாரும் ஸ்கிறீனை நூத்துப்போட்டு வீட்டை போறனீங்கள். ரெண்டு வருசத்தில இண்டைக்குத்தான் முதல் தரம் பண்ணினனீ.

றுக்ஷானா: கடிதத்தில மேடம் சொன்னதால பண்ணினனான்... அல்லாஹ், அப்ப எல்லாம் காலமையே நிண்டிருக்குமே!

அருந்ததி: 'லிங்கர்' எண்டு ஒண்டு போட்டிருக்கோ எண்டு ரஜிதன் பாக்கச் சொல்லுறார்.

கதிர்காமநாதன்: என்ன மேடம், சரியாக் கேக்கேல்லை...

அருந்ததி: ஹலோ? லைன் இருக்கோ?

கதிர்காமநாதன்: இருக்கு... பாக்கிறன் மேடம்.

றுக்ஷானா: அதென்னண்ணை லிங்கர்?

கதிர்காமநாதன்: ஆள் வெளியில போனாலும் அவரின்ர வேலையை நிப்பாட்டாதே எண்டு மெசினுக்குச் சொல்லி வைக்கிறது... ஓம் மேடம். போட்டுத்தான் கிடக்கு. அவவின்ர பேருக்கு மட்டும்.

அருந்ததி: அப்பிடியோ! அட்மின் பாஸ்வேர்ட் இல்லாமல் அந்த மெசினில அது போடேலாதாம். ஆர் போட்டது? எனக்குப் பேர் வேணும். பொலிசுக்குப் போறன்.

றுக்ஷானா: நான்தான்.

அருந்ததி: நீரோ? இப்பதானே அது என்னெண்டு கேட்டனீர்!

றுக்ஷானா: மறந்துபோய்க் கேட்டனான். நான்தான் போட்டனான். என்ர பேரை எழுதுங்கோ.

அருந்ததி: பாஸ்வேர்ட் எங்கால?

றுக்ஷானா: அது... மேசைக்குக் கீழ ஒட்டிக் கிடந்தது.

அருந்ததி: பொய்! சிறைக்குப் போவீர், தெரியுமோ?

றுக்ஷானா: புத்தளத்தில அகதி முகாமில வளர்ந்தனான் மேடம். சிறையைக் காட்டி வேற ஆரையும் வெருட்டுங்கோ. அண்ணை, இன்னும் எத்தினை கிடக்கு?

கதிர்காமநாதன்: மூண்டு... ரெண்டு...

அருந்ததி: என்ன எண்ணுறீங்கள்? நிப்பாட்டச் சொன்னால் எண்ணிக்கொண்டோ இருக்கிறீங்கள்? கடைசியாக் கேக்கிறன், அதைப் போட்டது ஆர்?

கதிர்காமநாதன்: அந்தப் பிள்ளையை விடுங்கோ மேடம். அவவுக்குப் பாஸ்வேர்டும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. காலமை அவ அழுதுகொண்டு லொக் அவுட் பண்ண வெளிக்கிடேக்க, அடுத்த மேசையில இருந்து நான்தான் போட்டனான். அடிச்சால் திரும்ப வரும் எண்டு தெரிஞ்சுதான் இவ்வளவு நேரமும் உங்களுக்கு அடிச்சுக் காட்டினனான். நானூற்றுப் பன்னிரண்டும் அவையவையின்ர போனுக்குப் போயிட்டுது, இனி நீங்கள் சொன்ன மாதிரி அழிக்கிறன். பொலிசில பேர் கேட்டால் முழுசாச் சொல்லுங்கோ... மகாலிங்கம் கதிர்காமநாதன்.